வலப்பக்கத் திண்டு

முதலில் கிழிவது வலப்பக்கத் திண்டுதான்.
ஏறும்போது ஒரு தேய்ப்பு, இறங்கும்போது ஒன்று.
இருபத்தோரு வருடம்
கோட்வால் என்கிற மனிதர்
தன் இடுப்பால் அந்த இடத்தைத் தின்று தீர்த்திருக்கிறார்.

கோவாவில் செய்த வண்டி. இரண்டே சீட்டு.
துணிக் கூரை. உடம்பு ஃபைபர்,
தட்டினால் பக்கெட் சத்தம் வரும்.
நண்பர்கள் விலையைக் கேட்டுச் சிரித்தார்கள்,
அம்மா விலையைக் கேட்காமலே சிரித்தாள்.

ஆறு மாதம் அவர் பள்ளத்திலேயே உட்கார்ந்து ஓட்டினேன்,
செம்பூரிலிருந்து லோயர் பரேல் வரை
முன்பின் தெரியாத ஒருவர் மடியில் போய்வருவதுபோல.
ஜூலையில் கூரை ஒழுகியது.
பஞ்சு குடித்த தண்ணீரை
செப்டம்பர் முடியும்வரை என் சுடிதார் குடித்தது.

குர்லா, சி.எஸ்.டி. ரோடு.
சைலன்சர்களும் கதவுகளும் தொங்கும் சந்தில்
இஷ்தியாக்கின் கடை, ஒரு லாரி அகலம்.
நாலு போல்ட் கழற்றி
சீட்டைத் தூக்கி வெயிலில் வைத்தார்.
வண்டிக்குள் இருந்தவரை அது சீட்.
நடைபாதைக்கு வந்ததும்
யாரோ எழுந்துபோன நாற்காலி.

பிளேடால் தையலைப் பிரித்தார்.
ரெக்ஸின் கிழியவில்லை, அப்பளமாய் நொறுங்கியது.
உள்ளே பஞ்சு, நனைந்த ரஸ்க் நிறம்.
அதன் கீழே ரப்பர் பட்டைகள், இரண்டு அறுந்து.
கிடைத்தது ஓர் எட்டணாவும் பல்குத்தும் குச்சியும்.
கதை எதுவும் இல்லை.

"எடை எவ்வளவு மேடம்?"
ஐம்பத்தெட்டு என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார்.
"டெய்லர்கிட்ட பொய் சொன்னா சட்டை பிடிக்கும்,
அவ்வளவுதான்.
ஃபோம்கிட்ட சொன்னா
நாலே மாசத்துல தரையில உட்காருவீங்க."
இந்தியில் இதைச் சொல்லும்போது
உள்ளே தையல் மிஷின் நின்றுவிட்டது.
ஓட்டிக்கொண்டிருந்த பையன்
நூல் அறுந்ததுபோல் குனிந்துகொண்டான்.

அறுபத்தேழு.

ஜிம் படிவத்தில் எழுதாதது.
மேட்ரிமோனியில் அம்மா குறைத்துப் போட்டது.
சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார்.
அங்கே ஏற்கெனவே 81 இருந்தது, 104 இருந்தது,
அடித்து மறுபடி எழுதிய 93 ஒன்றும்.

பிறகு டேப்.
ஒரு நுனியை முழங்காலில் நானே பிடித்துக்கொண்டேன்,
மறுநுனியோடு அவர் கிளட்ச்சை நோக்கிக் குனிந்தார்.
அடியில் நாற்பது டென்சிட்டி, திண்டுக்கு அறுபது,
நடுவில் துணி, வேர்வைக்கு.
"இடது சீட்டு?"

அது புதுசு மாதிரி இருந்தது.
கோட்வாலுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம்
வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது;
தலை சாய்க்கும் இடம் வெளுத்திருந்தது.
"அதுல யார் உட்காருவாங்க? எடை சொல்லுங்க."

லேப்டாப் பை, இரண்டரைக் கிலோ.
சனிக்கிழமைக் காய்கறி, ஆறு.
மாதம் ஒருமுறை அம்மா, கதவுப்பிடியை விடாமல், ஐம்பத்தொன்று.
கொஞ்ச நாள் ஒருவன் இருந்தான். எழுபது இருப்பான்.
அவன் இந்த வண்டியைப் பார்த்ததில்லை.

"அப்படியே விடுங்க."
"துணி வேறயாயிடும். ஜோடி சேராது."
"பரவாயில்லை."

நாலாம் நாள் போனபோது
கடை வாசலில் பழைய பஞ்சு கிடந்தது.
சந்துப் பூனை ஒன்று அதில் தூங்கியது,
கோட்வாலின் ஆழத்தில்
காது மட்டும் வெளியே தெரிய.

புது சீட்டு என்னை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டது.
மூன்று கண்ணாடிகளையும் திருப்ப வேண்டியிருந்தது.
பானெட்டின் நுனி எங்கே முடிகிறது என்று
முதல்முறையாகத் தெரிந்தது,
முன்னால் போன ஆட்டோக்காரர்
என்ன மென்றுகொண்டிருக்கிறார் என்பதும்.

லிங்க் ரோடு மேம்பாலத்தின் இடது வளைவில்
வலப்பக்கத் திண்டு இடுப்பைப் பிடித்தது.
கொஞ்சம் அழுத்தமாகவே.
பழகிடும் என்றிருந்தார் இஷ்தியாக்,
யாருக்கு என்று சொல்லவில்லை.
நான் இன்னும் சற்று அதன்மேல்
சாய்ந்து பார்த்தேன்.